மூதாதையரைத் தேட நான்கு வழிகள்: எதில் தொடங்குவது?

வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில் ஒன்று வெவ்வேறு வடிவங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. பாட்டனோ பூட்டனோ தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து போனார். அவருடைய உடன்பிறந்தவர்கள் ஊரிலேயே இருந்துவிட்டார்கள். இன்று இரு கிளைகளுக்கும் இடையே ஒரு தொடர்பும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலோ மொரீஷியஸின் போர்ட் லூயிஸிலோ பிறந்தவர் ஊரைத் தேடுகிறார், ஊரில் இருப்பவர் போனவரின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று தேடுகிறார். மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டுவதா, கப்பல் பட்டியல்களைப் பார்ப்பதா, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலைவதா, நேராக ஊருக்கே போய் விசாரிப்பதா என்பதில்தான் இருவருமே தயங்கி நிற்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த நான்கு வழிகளையும் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்க்கிறது.

முதலில் ஒரு நடைமுறை உண்மையைச் சொல்ல வேண்டும். ஐரோப்பியர்களுக்கென உருவான வம்சாவளித் தேடல் தளங்கள் குடும்பப் பெயரை நம்பி இயங்குபவை. தமிழர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நின்று அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். போதாததற்குப் பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் வழக்கத்தால், கருப்பன் மகன் முத்து, முத்து மகன் கருப்பன் என்று இரண்டே பெயர்கள் நூறாண்டுகளுக்கு மாறி மாறி வரும். ஆகவே ஒருவரின் பெயர், அவருடைய தந்தையின் பெயர், ஊரின் பெயர் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால் ஒழிய எந்தப் பதிவையும் நம் மூதாதையருடையது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் அது இந்த மூன்றில் எதைத் தருகிறது என்ற கேள்வியோடு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

எதற்காகத் தேடுகிறோம் என்பதே முதல் அளவுகோல். வெளிநாடுவாழ் இந்தியர் குடியுரிமை (OCI) அட்டைக்காகத் தேடுபவருக்கு அலுவலகம் ஏற்கும் ஆவணம் வேண்டும். அந்த அட்டை பொதுவாக நான்காம் தலைமுறை வரையே கிடைக்கிறது. மொரீஷியஸ் நாட்டவருக்கு ஏழாம் தலைமுறை வரை நீட்டிப்பதாக 2024இல் இந்திய அரசு அறிவித்தது. எந்தத் தலைமுறையாக இருந்தாலும் ஒவ்வொரு கண்ணிக்கும் காகிதம் தேவை. உயிரோடிருக்கும் உறவினரைக் கண்டு பேச விரும்புபவருக்கோ காகிதத்தைவிட ஓர் ஊரும் ஒரு வீடும்தான் முக்கியம். குடும்பத்தில் சொல்லப்படும் ஒரு செய்தி மெய்தானா என்று மட்டும் அறிய விரும்புபவரின் தேவை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது.

அடுத்தவை: எத்தனை தலைமுறை பின்னோக்கிப் போக முடியும், பெண்வழி உறவு தெரியுமா, கிடைக்கும் செய்தி எவ்வளவு உறுதியானது, பணத்திலும் நாளிலும் என்ன செலவாகும், வெளியே தெரியாத விலை என்ன என்பவை. கடைசியாக ஒன்றையும் சேர்க்கிறேன். என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட எடை கூடியது அதுதான். இந்தச் சான்று பத்தாண்டு கழித்தும் இருக்குமா?

## முதல் வழி: பெரியவர்களின் நினைவும் குலதெய்வக் கோயிலும்

எண்பது வயதுப் பாட்டி ஒருவர் தம் பாட்டியைப் பார்த்துப் பழகியிருப்பார். அந்தப் பாட்டி 1880களில் பிறந்தவராக இருக்கலாம். ஆக, ஒருவருடைய நினைவே ஐந்து தலைமுறையைத் தொட்டுவிடும். பத்திரங்கள் விட்டுவிடும் பெண்வழி உறவுகளை, எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், எந்த ஊருக்குக் கொடுத்தார்கள், யார் தாய்மாமன் சீர் செய்தார் என்பதையெல்லாம், இந்த நினைவுதான் வைத்திருக்கிறது.

வெறும் நினைவோடு நின்றுவிடவும் வேண்டாம். வீட்டுப் பரணில் கிடக்கும் மொய் நோட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஒரு திருமணத்துக்கோ காதணி விழாவுக்கோ வந்தவர்களின் பெயர், ஊர், பல சமயம் தந்தை பெயர் ஆகியவை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய மொய் நோட்டு ஒன்று, அக்காலத்தில் உறவு கொண்டாடியவர் யார் யார் என்பதற்கு எழுத்துச் சான்றாகிறது. பழைய திருமண அழைப்பிதழ்களும் கருமாதிப் பத்திரிகைகளும் இதே வகையில் உதவும். அமாவாசைத் தர்ப்பணம் செய்யும் குடும்பங்களில் தந்தைவழியிலும் தாய்வழியிலும் மும்மூன்று தலைமுறைப் பெயர்கள் சொல்லப்படுவதால், அவை எழுதிவைக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

குலதெய்வக் கோயில் இதன் அடுத்த படி. பங்காளிகள் எங்கே சிதறியிருந்தாலும் திருவிழாவுக்கு வரிப்பணம் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் தொடர்கிறது. கோயில் பொறுப்பாளரிடம் உள்ள தலைக்கட்டு வரி நோட்டில் அந்தக் குடிகளின் பெயர்கள் இருக்கும். நகரத்தார் சமூகத்தில் இது இன்னும் ஒழுங்கானது: ஒன்பது நகரக் கோயில்களில் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்தவராகவே ஒவ்வொரு குடும்பமும் இருக்கிறது, திருமணத்தின்போது கோயில் மாலை வந்து அந்தத் தம்பதி ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறுகிறார்கள். அவர்கள் வேறு எங்கும் தொடங்க வேண்டியதில்லை.

இந்த வழியின் குறைகளும் கனமானவையே. நினைவு ஆண்டுகளைக் குழப்பும். பெருமைக்குரிய மூதாதையைச் சேர்த்துக்கொள்ளும். வேற்றுச் சாதியில் மணந்தவரையும் ஊரைவிட்டு ஓடியவரையும் பேசாமல் விட்டுவிடும். கடல் கடந்து போனவர்களில் சிலர் அப்படி விடப்பட்டவர்கள்தாம். மேலும், ஊரில் போய் இறங்கும் வெளிநாட்டுக் கிளையினர் அறியாத ஒரு சிக்கல் உண்டு: நூறாண்டுக்குப் பின் திடீரென வந்து நிற்கும் உறவினர் பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறாரோ என்ற அச்சம் எழும். அந்த அச்சம் எழுந்த வீட்டில் எந்தப் பெட்டியும் திறக்கப்படாது. ஆகவே ஊருக்கு முதலில் போகும்போது நிலத்தைப் பற்றியோ பத்திரத்தைப் பற்றியோ வாயே திறக்கக் கூடாது என்பதும், கூடுமானவரை கோயில் திருவிழாவை ஒட்டிப் போவதே நல்லது என்பதும் என் உறுதியான கருத்து.

## இரண்டாம் வழி: நிலப் பத்திரங்களும் உள்ளூர்ப் பதிவேடுகளும்

குடும்பத்துக்கு ஒரு காணி நிலமாவது இருந்திருந்தால், அதன் தாய்ப்பத்திரம் அரிய ஆவணம். பழைய கிரயப் பத்திரங்களிலும் பாகப்பிரிவினைப் பத்திரங்களிலும் எழுதிக்கொடுப்பவரின் தந்தை பெயர், ஊர், சாதி, தொழில் ஆகியவை வரும். பாகப்பிரிவினைப் பத்திரம் அண்ணன் தம்பிகள் அனைவரையும் ஒரே தாளில் நிறுத்திவிடுகிறது. நான்கெல்லை விவரத்தையும் தவறாமல் படிக்க வேண்டும். பிரிந்துபோன சகோதரர்களின் நிலங்கள் அடுத்தடுத்து இருப்பதால், கிழக்கே இன்னாரது நிலம், வடக்கே இன்னாரது நிலம் என்ற வரிகளில் பங்காளிகளின் பெயர்கள் இருக்க மிகுந்த வாய்ப்புண்டு.

தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் உள்ள பதிவுகளே அங்கு கிடைக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கைப்பதிவேட்டில் தேட வேண்டும். அதற்குக் கிராமமும் சர்வே எண்ணும் அல்லது ஆள் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். இன்னும் பின்னோக்கிப் போக விரும்புபவர்களுக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நிலவரித் திட்டப் பதிவேடுகளும், 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையத்தின் பதிவேடுகளும் உள்ளன. கோயில் ஊழியம், ஊர்த் தொழில் முதலியவற்றுக்காக மானிய நிலம் அனுபவித்த குடும்பங்களுக்கு இனாம் பதிவேடு மிகவும் பயன்படும், ஏனெனில் அனுபவதாரர்களின் பெயர்களும் வாரிசு முறையும் அதில் விசாரித்து எழுதப்பட்டன.

முன்பு இவற்றையெல்லாம் மனப்பாடமாக அறிந்திருந்த பரம்பரைக் கணக்குப்பிள்ளைகளும் கிராம முன்சீப்புகளும் 1980இல் அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது விலகினார்கள். அவர்களுடைய வீடுகளில் பழைய கணக்குகள் எஞ்சியிருக்கக்கூடும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கிறித்தவக் குடும்பங்களுக்கு இந்த வழி இன்னும் எளிது. தரங்கம்பாடியில் 1706இல் தொடங்கிய லுத்தரன் பணி முதல், திருநெல்வேலிச் சீமைச் சபைகள் வரை, திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் பதிவேடுகள் வைத்திருந்தன. அவற்றில் பெண்களின் பெயர்களும் பெற்றோர் பெயர்களும் சேர்ந்தே வரும். யாழ்ப்பாணத்தாருக்கு டச்சுக்காரர் காலத்துத் தோம்புகள், அதாவது நில, குடிப் பதிவேடுகள், உண்டு. அவை கொழும்பிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் காக்கப்படுகின்றன.

இங்கே ஒரு நியாயக் கேட்டைச் சொல்லாமல் கடக்க முடியாது. நிலப் பதிவேடு நிலம் வைத்திருந்தவர்களை மட்டுமே அறியும். பல தலைமுறைகளாக நிலமில்லாமல் வைக்கப்பட்ட பட்டியல் சாதிக் குடும்பங்களின் பெயர்கள் அதில் அரிதாகவே தென்படும். 1892 முதல் வழங்கப்பட்ட பஞ்சமி நில ஒப்படைப்புப் பதிவுகளே அவர்களில் சிலருக்கு முதல் எழுத்துச் சுவடு. பெண்களும் இப்பதிவேடுகளில் பெரும்பாலும் விதவையாகவோ விற்பவராகவோதான் தோன்றுகிறார்கள். நிலம் இல்லாத குடும்பத்தார் இந்த வழியில் நாளைச் செலவிடுவதற்கு முன் அடுத்த பகுதியைப் படிக்க வேண்டும்.

## மூன்றாம் வழி: கடல் கடந்தவர்களின் பதிவேடுகள்

இந்த வழியின் பயன் முழுவதும் ஒரே கேள்வியில் அடங்கியிருக்கிறது: மூதாதையர் ஒப்பந்தக் கூலியாகப் போனாரா, ஊரில் ஆள் சேர்த்துத் தோட்டத்துக்கு அழைத்துப்போன கங்காணி மூலமாகப் போனாரா?

ஒப்பந்த முறையில் போனவரென்றால், ஏட்டில் அவர் தனி ஒருவராக இருக்கிறார். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளம் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன மூன்று செய்திகளும் ஒரே வரியில் இப்படிச் சேர்ந்து கிடைப்பது வேறெங்கும் அரிது. பெண்களும் தனி எண்ணோடு, தம் தந்தை பெயரோடு பதிவாகியிருப்பதால், ஊரில் எந்த ஏட்டிலும் பெயர் ஏறாத ஒரு பெண் இங்கே முழு விவரத்தோடு கிடைக்கிறாள். மொரீஷியஸுக்கு 1834 முதல் சென்ற ஏறத்தாழ நாலரை லட்சம் பேரின் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860களுக்குப் பிந்தைய பலருக்கு நிழற்படமும் உண்டு. பிஜிக்குச் சென்னையிலிருந்து ஆட்கள் 1903 முதலே சென்றார்கள். அவர்களுடைய குடியேற்றச் சீட்டுகள் சுவாவில் உள்ளன.

புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியன், குவாதலூப், மர்த்தினிக் தீவுகளுக்குப் போனவர்களுக்குப் பிரெஞ்சு நிர்வாகத்தின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் உதவும். பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான தேசியக் காப்பகம் அவற்றில் பெரும் பகுதியை இணையத்தில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. புதுச்சேரிக் குடும்பங்களில் 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் சமய வழக்கச் சட்ட உரிமையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் அப்போதே ஒரு குடும்பப் பெயரைப் பதிந்துகொண்டதால், அவர்களுடைய சந்ததியினரைத் தேடுவது மற்றத் தமிழர்களைத் தேடுவதைவிட எளிது.

கங்காணி மூலம் இலங்கைக்கோ மலாயாவுக்கோ போனவர்களின் நிலை வேறு. அவர்கள் ஒரு கூட்டத்தின் தலைகளாக எண்ணப்பட்டார்களே தவிர, ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு விரிவான பட்டியல் எழுதப்படவில்லை. இவர்களுக்குக் கப்பல் பட்டியலைத் தேடித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். இலங்கையின் மலையகத் தோட்டக் குடும்பங்களுக்கு வேறு ஆவணங்கள் உண்டு. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிய கொடுமையின் விளைவாகவே, தலைமுறை விவரங்களை எழுதி நிரூபிக்கும் கட்டாயம் அவர்களுக்கு ஏற்பட்டது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குடியுரிமை கேட்டுக் கொடுத்த மனுக்கள், இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் தாயகம் திரும்பியோரின் கடவுச்சீட்டுகள், குடும்ப அட்டைகள் ஆகியவை நீலகிரியிலும் திருச்சி, மதுரைப் பகுதிகளிலும் பல வீடுகளில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. இலங்கைப் பிறப்புச் சான்றிதழிலும் பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் எழுதும் கட்டம் உண்டு.

மறைசெலவு பெரும்பாலும் ஊர்ப் பெயரைக் கண்டறிவதில்தான். எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் பதிந்த பெயர் எந்த ஊரைக் குறிக்கிறது என்று கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆகலாம். பழைய வட ஆற்காடு மாவட்டம் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்திருக்கிறது. அதன் சில வட்டங்கள் 1911இல் சித்தூர் மாவட்டத்துக்குப் போய் இப்போது ஆந்திரத்தில் இருக்கின்றன. பட்டி, பாளையம், புதூர் என்று முடியும் ஒரே பெயருள்ள ஊர்களும் ஏராளம். மேலும், சிலர் பதிவின்போது தம் சாதியையோ ஊரையோ மாற்றிச் சொன்னார்கள். ஆகவே ஊரில் ஒரு குடும்பம் தங்கள் பாட்டன் காணாமல் போன கதையைத் தாமாகவே சொன்னால் மட்டுமே பதிவை உறுதியானதாகக் கொள்ள வேண்டும். நாமே கதையைச் சொல்லிவிட்டு அவர்களைத் தலையாட்ட வைக்கக் கூடாது.

## நான்காம் வழி: மரபணுச் சோதனை

இதைத்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். நான் கடைசியில் வைக்கிறேன். எச்சில் மாதிரியை அனுப்பினால், சோதனை நிறுவனத்தின் இணையதளம் அங்கே ஏற்கெனவே சோதித்துக்கொண்டவர்களோடு ஒப்பிட்டு உறவினரைக் காட்டும். அதைக் கடைசியில் வைக்கும் காரணங்களைக் கணக்கோடு சொல்ல வேண்டும்.

உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள், அதாவது ஒன்றுவிட்ட உறவினர், சராசரியாக 12.5 விழுக்காடு மரபணுவைப் பகிர்கிறார்கள். இரண்டுவிட்டவர்கள் ஏறத்தாழ 3 விழுக்காடும், மூன்றுவிட்டவர்கள் 0.8 விழுக்காடும் பகிர்கிறார்கள். மூன்றுவிட்ட உறவினரில் பத்தில் ஒரு இணைக்கு ஒன்றுமே பொருந்தாது. நான்குவிட்டவர்களில் ஏறத்தாழ பாதி இணைகளுக்குப் பொருந்தாது. 1890இல் ஒரு சகோதரர் கப்பலேறி மற்றவர் ஊரில் இருந்தார் என்றால், அவர்களின் கொள்ளுப்பேரர்கள் மூன்றுவிட்டவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் நான்குவிட்டவர்கள். எனவே சோதனை செய்வதாக இருந்தால் குடும்பத்தில் மிக மூத்தவருக்கே செய்ய வேண்டும். இளையவர் தம் எச்சிலை அனுப்பி ஏமாறுவதைத் தவிர்க்க வேறு வழியில்லை.

நம் திருமண வழக்கம் இன்னொரு சிக்கலைத் தருகிறது. தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் கால் பங்குக்கும் மேல் நெருங்கிய உறவுக்குள் நடப்பவை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் தலைமுறைகளாக மணந்த குடும்பங்களில், இருவர் பல வழிகளில் உறவினராக இருப்பதால் பகிர்வு கூடித் தெரியும். தளம் இரண்டுவிட்ட உறவு என்று காட்டுபவர் உண்மையில் நான்கைந்து தலைமுறை தள்ளியவராக இருக்கலாம். அந்தக் கணிப்புகள் வெளிச் சமூகங்களின் திருமண முறையை வைத்துச் செய்யப்பட்டவை.

அதைவிடப் பெரிய தடை, சோதித்துக்கொண்டவர்கள் யார் என்பது. தளங்களில் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் மேலை நாடுகளில் வாழ்பவர்கள். ஆம்பூருக்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கும் பங்காளி சோதித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் தென்னாப்பிரிக்காவிலும் பிஜியிலும் மொரீஷியஸிலும் இருந்து கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து சென்றவர்களின் பிள்ளைகள் கிடைக்கலாம். ஊரைத் தேடுபவருக்குச் சோதனை உதவாமல் போவதும், ஊரிலிருந்து கடல் கடந்த கிளையைத் தேடுபவருக்கு உதவுவதும் இதனால்தான்.

சோதனை நன்றாகப் பதில் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் இரு குடும்பங்கள் ஒரே ஆண்வழியைச் சேர்ந்தவையா என்பதை, தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோமை இரு வீட்டு ஆண்களிடமும் சோதிப்பது ஓரளவு தெளிவாகக் காட்டும். அதுவும் எத்தனையாவது தலைமுறையில் பிரிந்தார்கள் என்பதைத் தோராயமாகவே சொல்லும்.

இதன் மறைவிலை வேறு எந்த வழியையும்விடக் கூடுதல். தந்தை என்று நம்பியவர் தந்தையல்ல என்று தெரியவரலாம். அந்தச் செய்தி சோதித்தவரோடு நில்லாமல், சம்மதம் கேட்கப்படாத அத்தைக்கும் தம்பிக்கும் போய்ச் சேரும். தரவின் பாதுகாப்பும் கவலைக்குரியது. ட்வென்டித்ரீ அண்ட் மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தில் 2023இல் நடந்த ஊடுருவலில் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியபோது, மக்களின் மரபணுத் தரவு யார் கைக்குப் போகும் என்பது பொதுக் கேள்வியானது. கடவுச்சொல்லை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நினைவும் கோயிலும் | நிலம், உள்ளூர்ப் பதிவு | கடல்கடந்தோர் பதிவு | மரபணு |
|---|---|---|---|---|
| பின்னோக்கிய தொலைவு | 4–5 தலைமுறை | 5–7, நிலம் இருந்தால் | கப்பலேறியவரும் அவர் தந்தையும் | உறவினரைக் காட்டும், பெயர் தராது |
| பெண்வழி | நன்று | மோசம். தேவாலயப் பதிவில் நன்று | நன்று | நன்று |
| அலுவலகம் ஏற்குமா | இல்லை | ஆம் | ஆம் | வம்சாவளிக்குப் பொதுவாக இல்லை |
| பணச் செலவு | பயணம் மட்டும் | மனுக் கட்டணம், நகல், பயணம் | குறைவு. நகலுக்குக் கட்டணம் | பல ஆயிரம் ரூபாய் |
| மறைசெலவு | சொத்து அச்சம், மழுப்பல் | நாள்கணக்கில் அலைச்சல் | ஊர்ப் பெயரைக் கண்டறிதல் | குடும்ப இரகசியம், தரவு |
| தாமதித்தால் | அழிந்துவிடும் | மெல்ல நைந்துபோகும் | பெரும்பாலும் நிலைக்கும் | காத்திருக்கும். மூத்தவர் மறைந்தால் பயன் குறையும் |

## யாருக்கு எது

எந்த நிலையில் இருப்பவரும் முதல் மாதத்தை முதல் வழிக்கே கொடுக்க வேண்டும் என்பேன். கப்பல் பட்டியல் அடுத்த ஆண்டும் இருக்கும். தொண்ணூறு வயதுப் பெரியம்மாவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அவர் பேசுவதை ஒலிப்பதிவு செய்துகொள்ள வேண்டும்; ஒவ்வொரு பெயரோடும் ஊரையும் உறவையும் கேட்டு எழுத வேண்டும்.

அதற்குப் பின் பாதைகள் பிரிகின்றன. நேட்டால், மொரீஷியஸ், பிஜி, பிரெஞ்சுத் தீவுகள் ஆகியவற்றின் வழிவந்தவர்கள் மூன்றாம் வழியில் ஊர்ப் பெயரைப் பெற்று, அந்த ஊரின் நிலப் பதிவுகளுக்கும் கோயிலுக்கும் வரலாம். குடியுரிமை அட்டைக்காகத் தேடுபவர் பிறந்த நாட்டின் பிறப்பு, திருமணச் சான்றுகளைத் தம்மிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் சேர்த்து, மூதாதையருக்குக் கப்பல் பட்டியலில் உள்ள எண்ணை எட்ட வேண்டும். மரபணுச் சோதனைக்குச் செலவிடும் பணம் அவருக்கு முழு வீண். மலையகம், மலாயா வழிவந்தவர்கள் வீட்டு ஆவணங்களையும் குலதெய்வத்தின் பெயரையும் பிடித்துக்கொள்ள வேண்டும். தெய்வத்தின் பெயரும் அது இருக்கும் திசையும் மட்டுமே நினைவிருந்தாலும் அதைக் கொண்டு ஊரை நெருங்க முடியும். ஊரில் நிலத்தோடு இருக்கும் குடும்பத்தாருக்குத் தாய்ப்பத்திரமும் பாகப்பிரிவினையும் போதும். தத்துக் கொடுக்கப்பட்டவர், பெற்றோர் யாரென்றே அறியாதவர் ஆகியோருக்கு மட்டும் மரபணுச் சோதனை முதல் வழியாகலாம். அவர்களுக்கு வேறு கதவு பெரும்பாலும் இல்லை.

கூலிக்குத் தேடித் தருபவரை அமர்த்துவதானால், முடிவில் ஒரு வம்சாவளிப் படத்தை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் அது எடுக்கப்பட்ட பதிவேட்டின் நகலையும், காப்பகத்தின் பெயர், தொகுதி எண், பக்க எண் ஆகியவற்றையும் தர வேண்டும் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும். அதற்கு இணங்காதவரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டியதில்லை.